தும்மலும் ஆசீர்மொழியும்: புனித பெரிய கிரகோரியாரின் வாழ்வு

நம் இல்லங்களில் சிறு குழந்தை தும்மினால் தாய் உடனே நூறு என்கிறாள். மறுபடி தும்மினால் இருநூறு என்கிறாள். நூறாண்டு வாழ்க என்பதே அதன் பொருள். வயது முதிர்ந்த கத்தோலிக்கர் சிலர் சேசு, மரி, சூசை என்று மூன்று திருப்பெயர்களையும் உச்சரிப்பர். கொட்டாவி வந்தால் வாயின்மேல் சிறு சிலுவை அடையாளம் வரைந்துகொள்வோரும் உண்டு. ஐரோப்பிய நாடுகளிலோ, ஒருவர் தும்மினால் அருகிலிருப்பவர் கடவுள் உம்மை ஆசீர்வதிப்பாராக என்று சொல்வது இன்றளவும் நன்னடத்தையின் இலக்கணம்.

இப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று வினவினால், பலரும் சொல்லும் விடை ஒன்று உண்டு. கி.பி. 590-ஆம் ஆண்டு உரோமை நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது, புனித பெரிய கிரகோரியார் இதனைத் தொடங்கிவைத்தார் என்பதே அவ்விடை. இது எவ்வளவு தூரம் உண்மை? யூபிலி என்பது நன்றி கூறும் காலம் மட்டுமன்று. முன்னோர் நமக்கு விட்டுச்சென்றவற்றை முறத்திலிட்டுப் புடைத்து, பதரை நீக்கி மணியைச் சேர்த்துவைக்கும் காலமும் ஆகும். ஆகவே இம்மலரில் அப்பெருமகனாரின் வாழ்வைச் சற்றே நினைவுகூர்வோம்.

செல்வர் வீட்டுப் பிள்ளை

கிரகோரியார் ஏறத்தாழ 540-ஆம் ஆண்டில் உரோமை நகரில் பிறந்தார். தந்தை கோர்தியானுஸ் பெரும் நிலக்கிழார். தாய் சில்வியா பிற்காலத்தில் புனிதையாக வணங்கப்பட்டவர். தந்தையின் சகோதரிகளான தார்சில்லா, எமிலியானா ஆகிய இருவரும் வீட்டிலேயே தவவாழ்வு நடத்திய கன்னியர். பாப்பரசர் மூன்றாம் பெலிக்ஸ் இக்குடும்பத்தின் முன்னோர்களுள் ஒருவர். செல்வமும் பக்தியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இல்லம் அது.

ஆனால் நகரமோ சிதைந்து கிடந்தது. ஒரு காலத்தில் உலகையே ஆண்ட உரோமை, கிரகோரியாரின் இளமையில் போர்களாலும் முற்றுகைகளாலும் பஞ்சத்தாலும் மக்களை இழந்து, பாழடைந்த மாளிகைகளின் ஊராக மாறியிருந்தது. 568-ஆம் ஆண்டு முதல் லொம்பார்டியர் வடக்கிலிருந்து இத்தாலிக்குள் புகுந்தனர். பேரரசர் தொலைவில், கொன்ஸ்தாந்திநோபிளில் இருந்தார். இத்தகைய காலத்தில், ஏறத்தாழ 573-ஆம் ஆண்டில், கிரகோரியார் நகரின் தலைமை ஆட்சியாளர் பதவியை வகித்தார். பட்டாடை உடுத்தி நகரில் உலாவந்த இளைஞர் அவர்.

தந்தை இறந்தபின் அவர் எல்லாவற்றையும் துறந்தார். சிசிலித் தீவிலிருந்த குடும்ப நிலங்களைக்கொண்டு ஆறு துறவு மடங்களை நிறுவினார். செலியுஸ் குன்றின்மேல் இருந்த தம் சொந்த வீட்டையே புனித பெலவேந்திரர் பெயரால் மடமாக்கி, அதில் தாமும் ஒரு துறவியாகப் புகுந்தார். கடும் நோன்புகளால் அவருடைய வயிறு அக்காலத்திலேயே கெட்டது. அந்த உபாதை சாகும்வரை அவரைவிட்டு நீங்கவில்லை. ஆயினும் தம் வாழ்வில் மிக இன்பமான ஆண்டுகள் இவையே என்று பிற்காலத்தில் ஏக்கத்தோடு நினைத்துக்கொண்டார்.

அந்த அமைதி நீடிக்கவில்லை. 579-ஆம் ஆண்டில் பாப்பரசர் இரண்டாம் பெலாஜியுஸ் அவரைத் தம் தூதராகக் கொன்ஸ்தாந்திநோபிளுக்கு அனுப்பினார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் அரண்மனை நகரில் வாழ்ந்தும், உடன்சென்ற துறவிகளோடு செபவாழ்வை விடாது நடத்தினார். யோபு ஆகமத்தைப் பற்றி அவர்களுக்கு ஆற்றிய உரைகளே பின்னர் முப்பத்தைந்து பகுதிகள் கொண்ட பெருநூலாயின. நோயும் இழப்பும் கண்ட யோபுவை இவ்வளவு ஆழமாகத் தியானித்தவருக்கு, நோயும் இழப்பும் நிறைந்த ஒரு நகரைக் கடவுள் கையளிக்கப் போகிறார் என்று அப்போது யார் அறிவார்!

கொள்ளைநோய் ஆண்டு

589-ஆம் ஆண்டின் இறுதியில் திபேர் ஆறு கரைபுரண்டு நகருக்குள் புகுந்தது. பழைய கட்டடங்கள் இடிந்தன. ஏழைகளுக்கு உணவளிக்கத் திருச்சபை சேமித்துவைத்திருந்த தானியக் களஞ்சியங்களும் அழிந்தன. வெள்ளம் வடிந்ததும் கொள்ளைநோய் தொடங்கியது. தொடையிடுக்கில் கட்டி தோன்றி, காய்ச்சல் கண்டு, ஓரிரு நாளில் உயிரைக் குடிக்கும் நோய் அது. 541-ஆம் ஆண்டு முதல் மத்தியதரைக் கடலைச் சுற்றியிருந்த நாடுகளை அலையலையாகத் தாக்கிவந்த பிளேக் நோயே இது. 590-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் பாப்பரசர் பெலாஜியுஸ் இந்நோய்க்கு இரையானார்.

குருக்களும் மக்களும் ஒரே குரலாகக் கிரகோரியாரைத் தேர்ந்தெடுத்தனர். அவரோ நடுங்கினார். இத்தேர்தலை உறுதிசெய்ய வேண்டாம் என்று பேரரசர் மவுரீசியுசுக்கு மடல் எழுதினார். நகர ஆட்சியாளர் அம்மடலை வழியிலேயே நிறுத்திவிட்டு, மக்களின் விருப்பத்தையே பேரரசருக்குத் தெரிவித்தார். பேரரசரின் இசைவு வந்து சேரப் பல திங்கள் ஆயின. அதுவரை கைகட்டி இருக்கக் கூடுமோ? மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். ஆகவே பட்டம் பெறுமுன்னரே கிரகோரியார் நகரின் மேய்ப்பரானார்.

அவர் மக்களை மனந்திரும்ப அழைத்து, மன்றாட்டுச் சுற்றுப்பிரகாரம் ஒன்றை ஏற்பாடு செய்தார். மக்கள் ஏழு கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டனர்: குருக்கள், மடத்துத் துறவிகள், கன்னியர், சிறுவர், பொதுநிலை ஆடவர், கைம்பெண்கள், மணமான பெண்கள். ஒவ்வொரு கூட்டமும் வெவ்வேறு ஆலயத்திலிருந்து புறப்பட்டு, ஆண்டவரே இரக்கமாயிரும் என்று மன்றாடியவண்ணம் தேவமாதாவின் பேராலயத்தில் வந்து கூடியது. தூர் நகர் ஆயர் தம் வரலாற்று நூலில் இதனை எழுதிவைத்துள்ளார். அவருடைய தியாக்கோன் ஒருவர் அன்று உரோமையில் இருந்து நேரில் கண்டவர். மன்றாடிச் செல்கையிலேயே ஒரு மணி நேரத்திற்குள் எண்பது பேர் வீழ்ந்து இறந்தனர் என்றும், அப்படியும் கிரகோரியார் மன்றாட்டை நிறுத்தவில்லை என்றும் அவர் சொன்னார்.

இந்நிகழ்ச்சியைச் சுற்றிப் பிற்காலத்தில் பல மரபுகள் வளர்ந்தன. தூய லூக்காஸ் தீட்டியதாகக் கருதப்பட்ட தேவமாதாவின் படம் சுற்றுப்பிரகாரத்தில் கொண்டுசெல்லப்பட்டது என்பது ஒன்று. பாஸ்கு காலத்தில் மூவேளைச் செபத்திற்குப் பதிலாக நாம் சொல்லும் மரியன்னை வாழ்த்தை வானதூதர் அப்போது பாடினர் என்பது மற்றொன்று. ஆதிரியான் மன்னனின் கல்லறைக் கோட்டையின் உச்சியில் மிக்கேல் சம்மனசு தோன்றி, இரத்தம் தோய்ந்த வாளைத் துடைத்து உறையிலிட்டார் என்பது இன்னொன்று. அக்கோட்டைக்கு இன்றும் சம்மனசின் கோட்டை என்றே பெயர். அதன் உச்சியில் வெண்கலச் சம்மனசு நிற்கிறார்.

தும்மலின் கதையும் இவ்வரிசையில் வருகிறது. 13-ஆம் நூற்றாண்டில் வொராஜினே ஊர் யாகோபு என்னும் தொமினிக்கத் துறவி தொகுத்த புனிதர் வரலாற்று நூலில் இதைக் காண்கிறோம். அக்கொள்ளைநோயில் மக்கள் தும்மியவுடனே இறந்தனர். எனவே யாரேனும் தும்மினால் அருகிலிருந்தோர் கடவுள் உமக்குத் துணைசெய்வாராக என்றனர். கொட்டாவி விட்டவர் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டனர் என்பது அதன் கருத்து. ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்ட நூலாதலால் கதையும் எங்கும் பரவியது. கிரகோரியாரே கட்டளையிட்டார் என்று பின்வந்தோர் சேர்த்துக்கொண்டனர்.

மணியும் பதரும்

உண்மையை உள்ளபடி சொல்லவேண்டுமானால், இப்பழக்கம் கிரகோரியாருக்கு மிகவும் முந்தியது. தும்மியவரை ஏன் வாழ்த்துகிறோம் என்ற கேள்வியை முதல் நூற்றாண்டில் பிளினி என்னும் உரோமை அறிஞர் எழுப்பியிருக்கிறார். கடுகடுத்த முகத்தவரான திபேரியுஸ் மன்னர்கூட, வண்டியில் செல்லும்போதும் தாம் தும்மினால் பிறர் வாழ்த்தவேண்டும் என்று எதிர்பார்த்தாராம். நம் ஆண்டவர் சிலுவையில் அறையுண்ட காலத்தில் ஆண்ட மன்னர் அவரே. கிரேக்கருடைய பழங்காவியத்தில் இளவரசன் ஒருவன் தும்ம, அவன் தாய் அதனை நற்சகுனமாகக் கொள்கிறாள். பௌத்த சாதகக் கதைகளிலும் தும்மியவரை வாழ்க என்று வாழ்த்தும் வழக்கம் பேசப்படுகிறது. நம் திருவள்ளுவரும் புலவி நுணுக்கம் என்னும் அதிகாரத்தில் இதனைத் தொட்டிருக்கிறார். தலைவன் தும்ம, தலைவி வழக்கப்படி வாழ்த்துகிறாள். மறுகணமே, எவள் நினைத்ததால் இத்தும்மல் வந்தது என்று ஐயுற்று அழுகிறாள்! தும்மினால் வாழ்த்துவது தமிழரிடத்தும் அவ்வளவு பழையது.

மேலும் 590-ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளை எழுதிய தூர் நகர் ஆயர் தும்மலைப்பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. நோயின் முதன்மையான அடையாளம் கட்டியேயன்றித் தும்மல் அன்று.

அப்படியானால் கிரகோரியாரின் பெயர் இப்பழக்கத்தோடு இணைந்தது வெறும் தற்செயலா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. அதற்குக் காரணம் அவர் வாழ்விலேயே இருக்கிறது.

ஊழியருக்கு ஊழியர்

590-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் கிரகோரியார் பாப்பரசராகப் பட்டம் பெற்றார். தேவ ஊழியர்களின் ஊழியர் என்று தம்மை அழைத்துக்கொண்டார். அவருக்குப்பின் பாப்பரசர்கள் இன்றுவரை ஏற்றிருக்கும் பட்டம் இது. அவரைப் பொறுத்தமட்டில் அது வெறும் அலங்காரச் சொல் அன்று. நகரிலிருந்த ஏழைகளின் பெயர்களை ஒரு பேரேட்டில் எழுதிவைத்து, திங்கள்தோறும் தானியம், திராட்சை இரசம், காய்கறி, பாலாடைக்கட்டி, மீன், எண்ணெய் முதலியவற்றைப் பங்கிட்டார். தெருத்தெருவாக நோயாளிகளுக்குச் சமைத்த உணவை நாள்தோறும் அனுப்பினார். தாம் உண்ணுமுன் தம் பந்தியிலிருந்தே உணவை எடுத்து, பிச்சைகேட்க வெட்கப்பட்ட ஏழைகளுக்கு அனுப்பினார். நகரின் மூலையொன்றில் ஏழையொருவன் பட்டினியால் இறந்துகிடந்ததை அறிந்தபோது, அவனைத் தாமே கொன்றதுபோல் வருந்தி, சில நாட்கள் திருப்பலி நிறைவேற்றாமலே இருந்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர் குறிப்பிடுகிறார். கணக்கேட்டில் ஒரு பெயர் விட்டுப்போனதற்காக அழுத மேய்ப்பர் அவர்!

593-ஆம் ஆண்டில் லொம்பார்டிய மன்னன் அஜிலுல்பு உரோமையை முற்றுகையிட்டபோது, அவனோடு பேசிப் பொருள் கொடுத்து நகரைக் காத்தார். யூதர்களுடைய செபக்கூடங்களைப் பறித்த இடங்களில் அவர்களுக்கு நீதி வழங்கச் சொன்னார். யாரையும் கட்டாயப்படுத்தித் திருமுழுக்குக் கொடுக்கலாகாது என்று ஆயர்களுக்கு எழுதினார். ஆன்ம மேய்ப்பர்களுக்கென்று அவர் எழுதிய ஒழுங்கு நூல் நூற்றாண்டுகளாகக் குருக்களின் கையேடாக விளங்கியது. புனித ஆசீர்வாதப்பரின் வாழ்வை நாம் அறிவதும் இவர் எழுதிய உரையாடல் நூலினால்தான். இறந்தோருக்காக முப்பது நாள் தொடர்ந்து ஒப்புக்கொடுக்கும் கிரகோரியார் பூசையை நம் பங்கு மக்கள் நன்கு அறிவர். அவருடைய மடத்தில் மூன்று பொற்காசுகளை ஒளித்துவைத்து இறந்த யுஸ்துஸ் என்னும் துறவிக்காக அவர் செய்வித்த முப்பது திருப்பலிகளே அதன் தொடக்கம்.

இவ்வளவையும் செய்தவர் உடல்நலம் உள்ளவர் என்று எண்ண வேண்டாம். வயிற்று நோயும் கீல்வாதமும் அவரை வதைத்தன. பிரசங்கம் செய்யக் குரல் எழும்பாமல், தாம் எழுதியதைப் பிறர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களும் உண்டு. இறுதி ஆண்டுகளில் பெரும்பாலும் படுக்கையிலேயே கிடந்தார். அங்கிருந்தே மடல்களை எழுதுவித்தார். இன்றும் எண்ணூறுக்கு மேற்பட்ட மடல்கள் நமக்குக் கிடைக்கின்றன. 604-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் அவர் ஆண்டவரில் துயில்கொண்டார். மேற்குத் திருச்சபையின் நான்கு பெரும் மறைவல்லுநர்களுள் ஒருவராக எண்ணப்படுகிறார். மார்ச் 12-இல் கொண்டாடப்பட்ட அவருடைய திருநாள், 1969-ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு நாட்காட்டிச் சீர்திருத்தத்திற்குப்பின் செப்டம்பர் 3-இல் கொண்டாடப்படுகிறது.

கோவிலை இடியாதீர்

அவர் எழுதிய மடல்களுள் ஒன்று நம் கேள்விக்கு விடை தருகிறது. 596-ஆம் ஆண்டில் தம் பழைய மடத்தின் தலைவரான அகுஸ்தினாரையும் துறவிகளையும் ஆங்கில நாட்டிற்கு மறைபரப்ப அனுப்பினார். பாதிவழியில் அஞ்சித் திரும்ப முயன்றவர்களை ஊக்கி மீண்டும் அனுப்பினார். 597-இல் அவர்கள் கெந்து நாட்டில் இறங்கினர். அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றனர் என்று கிரகோரியார் மகிழ்ந்து எழுதினார். அங்கிருந்த பழைய கோவில்களை என்ன செய்வது என்ற சிக்கல் எழுந்தபோது, 601-ஆம் ஆண்டில் மெல்லித்துஸ் என்னும் மடாதிபதிக்கு அவர் அறிவுரை அனுப்பினார். கட்டடங்களை இடிக்கவேண்டாம், சிலைகளை மட்டும் அகற்றி, தீர்த்தம் தெளித்து, பீடம் அமைத்து அவற்றை ஆலயங்களாக்குங்கள், மக்களின் பழைய விழாக்களையும் பந்திகளையும் புனிதர் திருநாட்களின் மகிழ்ச்சியாக மாற்றுங்கள், உயரம் ஏறுபவர் படிப்படியாகத்தான் ஏறுவர் என்பது அதன் சாரம்.

ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்குப்பின் மதுரையில் தத்துவ போதகர் நடந்ததும் இவ்வழியேயன்றோ? அவருடைய முறைக்கு 1623-ஆம் ஆண்டில் ஒப்புதல் தந்த பாப்பரசரும் பதினைந்தாம் கிரகோரி என்ற பெயரினர் என்பது நினைத்து மகிழத்தக்கது.

தும்மல் வாழ்த்தும் இத்தகைய ஒரு பழைய கோவிலே. அதனுள் ஒரு சிலை இருந்தது: அச்சம். தும்மல் கெட்ட சகுனம் என்ற அச்சம். காலையில் காலணி அணியும்போது தும்மல் வந்துவிட்டால் மறுபடி போய்ப் படுத்துக்கொள்வோரை நான்காம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆயரான புனித அகுஸ்தினார் எள்ளி நகையாடியிருக்கிறார். நம்மிடையே இன்றும் வெளியே புறப்படும்போது யாரேனும் ஒற்றைத் தும்மல் தும்மினால், திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுச் செல்வோர் இல்லையா? பெண் பார்க்கப் போகும் வழியில் தும்மல் கேட்டதென்று நல்ல சம்பந்தத்தை நிறுத்தியோர் இல்லையா? இது அகற்றவேண்டிய சிலை. நம் நாட்கள் ஆண்டவரின் கையில் இருக்கின்றன. ஒருவருடைய மூக்கில் இல்லை. ஆனால் சிலையை அகற்றுவதற்காகக் கோவிலை இடிக்கவேண்டாம். தும்மியவரை வாழ்த்தும் அன்பு அங்கேயே இருக்கட்டும்; அதில் கடவுளின் பெயர் ஒலிக்கட்டும்.

இன்று நமக்கு

2020-ஆம் ஆண்டை நாம் மறந்துவிடவில்லை. அவ்வாண்டில் ஒரு தும்மல் கேட்டாலே ஒரு கூட்டம் கலைந்தது. வாழ்த்தவேண்டிய வாய் சுளித்தது, முகங்கள் திரும்பின. இறந்தோரை உறவினர் தொட்டு அழவும் முடியாமல் அடக்கம் செய்தோம். கிரகோரியார் காலத்து உரோமையின் துயரம் அப்போதுதான் நமக்கு விளங்கியது.

அவ்வாண்டு மார்ச் 15-ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ், கிரகோரியாரின் ஏழு கூட்டங்களும் வந்து கூடிய அதே தேவமாதா பேராலயத்திற்குச் சென்று மன்றாடினார். மார்ச் 27-ஆம் நாள் மாலை, மழையில் நனைந்த புனித இராயப்பர் சதுக்கத்தில் தன்னந்தனியே நின்று உலகிற்கு நற்கருணை ஆசீர் அளித்தார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-இல் மறைந்த அவர், தேவமாதாவின் அப்பேராலயத்திலேயே அடக்கம் பெற்றிருக்கிறார். கிரகோரியார் மக்களைத் திரட்டி நடத்தினார். பிரான்சிஸ் மக்களை வீட்டிலிருக்கச் செய்து தாம் மட்டும் நின்றார். நோய் எவ்வாறு தொற்றுகிறது என்ற அறிவு இடையில் வளர்ந்திருக்கிறது. மேய்ப்பரின் மன்றாட்டு மாறவில்லை. அன்று கூடிநடந்தது அன்பு. 2020-இல் விலகிநின்றதும் அன்பே.

ஆகவே தும்மலின் ஒழுக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இவ்வாறு கற்பிப்போம். தும்மல் வருகையில் முகத்தைத் திருப்பி, கைக்குட்டையாலோ முழங்கையின் மடிப்பாலோ வாயையும் மூக்கையும் மூடிக்கொள்வது, அயலானுக்குச் செய்யும் முதல் அன்புப்பணி. உடன் கைகழுவுதல் இரண்டாவது. அருகிலிருப்பவர் முகம் சுளியாமல் ஆசீர்மொழி சொல்வது மூன்றாவது. தும்மியவர் நன்றி கூறுவது நான்காவது. ஆலயத்தில் திருப்பலி நடக்கும்போது வாய்விட்டுச் சொல்லவேண்டியதில்லை. உள்ளத்தில் சொன்னாலும் ஆண்டவர் கேட்பார். தும்மல் நிற்காமல் தொடர்ந்தால் ஆசீர்மொழியோடு நிறுத்திவிடாமல், வெந்நீரும் மருந்தும் கொடுத்து, வேண்டுமாயின் மருத்துவரிடம் அழைத்துச்செல்வோம். ஏனெனில் கிரகோரியார் வெறும் சொல்லால் ஆசீர்வதித்தவர் அல்லர். சமைத்த உணவை நோயாளியின் வாசலுக்கு அனுப்பியவர்.

நம் பங்கிலும் தனியே தும்மி, தனியே இருமி, வாழ்த்தச் சொல்வார் எவருமின்றி நான்கு சுவர்களுக்குள் நாட்களைக் கழிக்கும் முதியோர் உண்டு. பிள்ளைகள் தொலைநாட்டில், அடுத்த வீட்டாருக்கு நேரமில்லை. கிரகோரியாரின் பேரேட்டைப்போல் இவர்களுடைய பெயர்களை நம் அன்பியங்கள் எழுதிவைத்து, வாரம் ஒருமுறையேனும் கதவைத் தட்டினால், இந்த யூபிலி விழா பந்தலோடும் வாணவேடிக்கையோடும் முடிந்துவிடாது. பேரேட்டில் எவருடைய பெயரும் விட்டுப்போகாதிருக்கட்டும்.

புனித பெரிய கிரகோரியார் நமக்காக மன்றாடுவாராக. நம் இல்லங்களில் தும்மல் கேட்கும்போதெல்லாம் ஆசீர்மொழியும் கேட்பதாக. எல்லாம் வல்ல இறைவன் நம் பங்கு மக்கள் அனைவரையும் ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.